பதினொன்றாம் எண்ணின் இடது கால்

மலை ஏறத் தெரிந்தவனைத்தான் கம்பம் ஏற விட வேண்டும் என்று எந்த மகராசனுக்குத் தோன்றியதோ தெரியாது. தோன்றிவிட்டது. தோன்றியதை நாலு பக்கம் டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, தீவுத் தன்னிறைவு வாரியத்தின் அறிவிப்புப் பலகையில் ஆணி அடித்து மாட்டிவிட்டார்கள். இது நடந்தது 1967 பிப்ரவரியில். நான் அப்போது வாரியத்துக் காலனிகளுக்கு வயர்மேன். ஐந்து வருஷமாகத் தற்காலிக வயர்மேன். போர்ட் பிளேரில் ஒரு தூறல் போட்டால் கரண்ட் போகும். கரண்ட் போனால் மீரானைக் கூப்பிடு என்பார்கள். இரண்டு காலையும் கம்பத்தில் பின்னிக்கொண்டு மேலே போய், ஒரு கையால் கம்பத்தையும் ஒரு கையால் உயிரையும் பிடித்துக்கொண்டு முடுக்கிவிட்டு வருவேன். அதற்கு மலை எதற்கு என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

அறிவிப்பில் இருந்தது இதுதான். மார்ச் கடைசியில் காலனிப் பிரிவுத் தற்காலிக ஊழியர்கள் எல்லோரையும் கலைத்துவிடுவார்கள். நிரந்தரம் ஆக விரும்புகிறவர்கள், வட அந்தமானில் இருக்கும் சேடில் பீக் மலைக்கு ஆறு நாள் தன்னிறைவு நடைப்பயணம் போய் வர வேண்டும். அவரவர் அரிசி, அவரவர் சட்டி, அவரவர் தார்ப்பாய், எல்லாம் அவரவர் முதுகில். அடுத்தவன் உதவி கூடாது. உதவி வாங்கினவனும் குற்றவாளி, கொடுத்தவனும் குற்றவாளி.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கடைதான். வாப்பா அபர்தீன் பஜாரில் மளிகை, மாமா ஜவுளி. சர்க்கார் சம்பளம் என்று போன முதல் ஆள் நான். அதனால் நிரந்தரம் என்ற வார்த்தையின் மேல் எனக்கு ஒரு பைத்தியம் இருந்தது. என் வீட்டுக்காரி ஜன்னத் பீவிக்கு அந்தப் பைத்தியம் கிடையாது.

"எட்டணாக் கடலை விக்கிறவன் கூட மலைக்குப் போகாமத்தான் விக்கிறான். நீங்க முழுசா திரும்பி வந்தாப் போதும் மச்சான். நிரந்தரம் எல்லாம் நான் கேக்கல" என்றாள்.

"ஆறு நாள்தானே. நடக்கிறதுல என்ன வந்துடப் போகுது" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கள் தீவில் எல்லாமே கப்பலைப் பார்த்துத்தான் நடக்கும். மெட்ராஸ் கப்பல் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. கப்பல் வரும் தேதிக்குத்தான் கல்யாணம் வைப்போம். கடிதாசி எழுதினால், பிள்ளை பிறக்க இன்னும் பத்து நாள் இருந்தாலும், 'சுகப்பிரசவம், ஆண் குழந்தை' என்று எழுதிக் கப்பலில் போட்டுவிட்டு துவா கேட்கிறவர்கள் உண்டு. வாரியமும் அப்படியே. நடைப்பயண அறிக்கை மார்ச் முப்பத்தொன்றுக்குள் டெல்லியில் இருந்தாக வேண்டும். கப்பல் மார்ச் ஆறாம் தேதி. அதை விட்டால் அடுத்தது மாசக் கடைசி. நாங்கள் மலையில் கால் வைப்பது பத்தாம் தேதி. ஆகவே, நாங்கள் எப்படி நடந்தோம், எங்கே தூங்கினோம், எவ்வளவு வீரமாக இருந்தோம் என்று அறுபத்திரண்டு பக்க அறிக்கை ஆறாம் தேதியே மெட்ராஸுக்குப் புறப்பட்டுப் போய்விட்டது. இதில் யாருக்கும் எந்த ஆச்சரியமும் இல்லை. எனக்கும் இல்லை என்பதைத் தலைகுனிந்து சொல்லிக்கொள்கிறேன்.

நாங்கள் இருபத்திரண்டு பேர். ஏரியல் பே துறையில் இறங்கியதும் ஒவ்வொருவர் முதுகிலும் சுண்ணாம்பில் எண் போட்டார்கள். நான் பதினொன்று. பயணத் தலைவர் பாலசுப்பிரமணியம், பட்டாளத்தில் கேன்டீன் பார்த்து ஓய்வு பெற்றவர், மரப்பெட்டி மேல் ஏறி நின்று பேசினார்.

"தன்னிறைவு என்றால் என்ன? பிறர் கையை எதிர்பாராமை. நான் முப்பது வருஷமாக யார் கையையும் எதிர்பார்த்ததில்லை" என்றார். பேசும்போதே வலது காலை நீட்டினார். சுமை தூக்க வந்த ராஞ்சி ஆள் ஒருவன் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். இடது காலை நீட்டினார். அதையும் கட்டினான். "நம் வாரியம் தோன்றி ஒன்பது ஆண்டுகள். இந்த ஒன்பது ஆண்டில் ஒரு பொய்யறிக்கை கூட இங்கிருந்து போனதில்லை. அறிக்கையில் எழுதினோம் என்றால் அது நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் நடத்துவோம்."

நாங்கள் கை தட்டினோம். அடப்பாவிகளா, கை தட்டினோம்.

ராஞ்சியிலிருந்து காட்டு வேலைக்கு வந்த ஆட்கள் பதினாறு பேர் தலைவருடைய கட்டில், மடக்கு நாற்காலி, கோழிக் கூண்டு, வயர்லெஸ் பெட்டி, பேட்டரி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டார்கள். இது தன்னிறைவுக்கு இடிக்காதா என்று தண்ணீர்க் குழாய்ப் பிரிவு இராமகிருஷ்ணன் வாய் தவறிக் கேட்டுவிட்டார். அவர் நாலாம் எண். "சுமப்பவர்கள் பங்கேற்பாளர்கள் அல்லர். பங்கேற்காதவன் செய்யும் உதவி உதவியாகாது" என்றார் ஜம்புலிங்கம். இவர் சரிபார்ப்பு அதிகாரி. ஒல்லியான ஆள், சுத்தமான சட்டை, கக்கத்தில் அறிக்கையின் நகல், கையில் பிரம்பு. பதில் சொல்லி முடித்ததும் இராமகிருஷ்ணன் கன்னத்தில் ஒரு அறை விட்டார். கோபமாக எல்லாம் இல்லை, ரசீதில் முத்திரை குத்துவது போல.

முதல் நாள் வெயில் கொளுத்தியது. மார்ச் மாதத்தில் வேறென்ன செய்யும். மத்தியானம் ஜம்புலிங்கம் அறிக்கையைப் பிரித்தார். "பெருமழையில் நனைந்தபடியே பங்கேற்பாளர்கள் உற்சாகமாக நடந்தனர்" என்று படித்தார். வானத்தைப் பார்த்தார். வானம் பதில் சொல்லவில்லை. ஆட்களை அனுப்பி கல்போங் ஆற்றிலிருந்து தகர டின்களில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி எங்கள் தலையில் கொட்டினார். தலைக்கு நாலு டின். அரிசி நனைந்தது, தீப்பெட்டி நனைந்தது. உற்சாகம் தெரியாத முதுகுகளில் பிரம்பால் உற்சாகம் ஏற்றினார். என் முதுகில் ஆறு அடி உற்சாகம் ஏறியது. சிரித்துக்கொண்டே நடந்தேன்.

சாயங்காலம் எண் இரண்டுக்கும் எண் ஒன்பதுக்கும் தலா ஒரு பல் போனது. 'வழுக்குப் பாறையில் விழுந்து' என்று அறிக்கையில் இருந்தது. அவர்கள் இருவரும் பாறையில் பத்திரமாக இறங்கிவிட்டார்கள். திரும்ப ஏறி விழச் சொன்னார் ஜம்புலிங்கம். ஏறி விழுந்தார்கள், முட்டிதான் சிராய்ந்தது, பல் அசையவில்லை. அப்புறம் என்ன செய்வார் பாவம், நேரமாகிறது. பூட்ஸ் காலால் அவரே முடித்துக் கொடுத்தார்.

இரண்டாம் நாள் முதலை. உப்பங்கழியைக் கடக்கும்போது நாலாம் எண்ணின் தொடையை முதலை கவ்வ, அவர் வெறுங்கையால் அதை விரட்டினார் என்று எழுதியிருந்தது. இராமகிருஷ்ணனை இடுப்பளவு தண்ணீரில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். முதலை வரவில்லை. முதலைக்கு அறிக்கை அனுப்பாத குறைதான். பொறுமை இழந்த ஜம்புலிங்கம், மரம் அறுக்கும் ரம்பத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

"முதலைக்குப் பல்லுக்குப் பல் இடைவெளி எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார் தலைவர், நாற்காலியில் இருந்தபடி.

"முக்கால் அங்குலம் சார். ரம்பத்தில் அரை அங்குலம்தான்."

"குட்டி முதலை என்று குறித்துக்கொள்."

"அறிக்கையில் ராட்சத முதலை என்று இருக்கிறது சார்."

தலைவர் ரம்பத்தை வாங்கிப் பார்த்தார். "அப்படியானால் ஒரு பல் விட்டு ஒரு பல்லை உடைத்துவிட்டு அழுத்துங்கள்" என்றார். நல்ல நிர்வாகி. உடைத்தார்கள், அழுத்தினார்கள். இராமகிருஷ்ணன் போட்ட சத்தத்தில் மரத்தில் இருந்த புறாக்கள் எல்லாம் கடல் பக்கம் பறந்து போயின.

அவர் தொடையிலிருந்து ரத்தம் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு எவன் சும்மா நிற்பான்? என் தலைத்துண்டைக் கிழித்துக் கட்டினேன். தன்னிறைவு மீறல். உதவி கொடுத்ததற்கு எனக்குப் பன்னிரண்டு பிரம்படி, வாங்கியதற்கு அவருக்குப் பன்னிரண்டு. துண்டைப் பறிமுதல் செய்து உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். அடி வாங்கிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் குப்புறக் கிடந்தபோதுதான் இராமகிருஷ்ணன் என் காதோரம் சொன்னார்.

"பாய், ரம்பம் வைக்கறப்ப அந்தக் காகிதம் என் மூஞ்சிக்கு நேராத்தான் இருந்துச்சு. உங்க நம்பர் பதினொண்ணுதானே?"

"ஆமா."

"நாலாம் நாள், உச்சியில. இடது கால் முறியுதுன்னு போட்டிருக்கு. மத்தவங்க தோள்ல தூக்கிட்டு வர்றாங்களாம்."

வயர்மேனுக்குக் கால் போனால் என்ன மிச்சம்? கம்பம் ஏற முடியாதவனை எவன் வேலைக்கு வைப்பான்? நிரந்தரம் ஆவதற்கு மலைக்கு வந்தேன். மலைக்கு வந்த அத்தாட்சி அறிக்கை. அறிக்கைப்படி என் கால் முறியும். முறிந்தால் நிரந்தரமாக வீட்டில் இருக்கலாம். படைத்தவனே, இப்படி ஒரு கணக்கைப் போட இபிலீசு சைத்தானுக்குக் கூட மூளை இருக்காது.

நேரே தலைவரிடம் போனேன். கோழிக்கால் தின்றுகொண்டிருந்தார்.

"சார், என் இடது கால் விஷயமா வந்தேன்" என்றேன்.

"தெரியும். உட்கார். எழுதும்போதே எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் ஒரு காயமும் இல்லாத அறிக்கையை டெல்லியில் நம்ப மாட்டார்கள். கொஞ்சம் ரத்தம் வேண்டும். அளவாகத்தான் போட்டிருக்கிறேன். இரண்டு பல், ஒரு முதலை, ஒரு கால். போன வருஷம் வேறொரு பயிற்சியில், ஆர்வக்கோளாறில் ஒருத்தரைச் சாகடித்துவிட்டேன்."

"எழுத்துலயா சார்?"

"முதலில் எழுத்தில்" என்றார். கோழிக்கால் எலும்பைத் தூரப் போட்டார். "நல்ல மனுஷன். தச்சுவேலை பார்த்தவர். கடைசி வரைக்கும் எதுவும் கேட்கவில்லை. உன்னைப்போல் வந்து நச்சரிக்கவில்லை."

இருந்தாலும் நான் விடவில்லை. "சார், நான் கட்டுப் போட்டுக்கறேன். ஆறு மாசம் வேணும்னாலும் நொண்டறேன். பார்க்கிறவங்க முறிஞ்ச கால்னுதான் சொல்வாங்க. நெசமாவே உடைக்கணுமா?"

தலைவர் எழுந்துவிட்டார். முகம் சிவந்துவிட்டது. "என்னைப் பொய் சொல்லச் சொல்கிறாயா? ஒன்பது வருஷ நேர்மையைக் கட்டுத்துணியால் மூடச் சொல்கிறாயா? ஜம்புலிங்கம், இவனை வெளியே கொண்டு போங்கள்" என்றார். உண்மையாகவே அவர் கண்ணில் நீர் இருந்தது. அவ்வளவு நேர்மையான மனிதர் கையில் மாட்டினால் தப்பிக்க வழியே கிடையாது.

மூன்றாம் நாள் ஓடினேன். பிரம்புப் புதருக்குள் புகுந்து, முள் கிழிக்க, அட்டை கடிக்க, மத்தியானம் வரைக்கும் ஓடினேன். காட்டில் நேராக ஓடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு வட்டமாக ஓடுவோமாம். எனக்கு அது தெரியாது. புதரை விலக்கி வெளியே வந்தால் ஜம்புலிங்கம் முகம் வழித்துக்கொண்டிருந்தார். அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எண் பதினொன்று ஓடியதாக எங்கும் இல்லை. ஆகவே நீ ஓடவில்லை. ஓடியதற்குத் தண்டனையும் கிடையாது" என்றார். அப்படியே உயிர் திரும்பி வந்தது எனக்கு. "ஆனால் மூன்றாம் நாளும் உற்சாகம் என்று இருக்கிறது" என்று சொல்லிப் பிரம்பை எடுத்தார். எத்தனை என்று நான் எண்ணவில்லை.

நாலாம் நாள் உச்சி. அங்கே என்ன அழகு இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. ஆறு பேர் என் மேல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என்னோடு வேலை பார்க்கிறவர்கள். பிடித்துக்கொள்வது உதவி ஆகாது என்று ஜம்புலிங்கம் முன்கூட்டியே விளக்கியிருந்தார். என் தோளை அழுத்திக்கொண்டிருந்தது இராமகிருஷ்ணன்.

"பாய், மன்னிச்சிடுங்க. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க" என்றார்.

"பரவால்ல, பிடிங்க" என்றேன். வேறென்ன சொல்ல.

தலைவர் நின்றபடியே தியாகம் பற்றிப் பேசினார். அந்த நாற்பது நிமிஷம் அடியை விட மோசம். பிறகு ஜம்புலிங்கம் என் கால்மாட்டில் வந்து, என்னைப் பார்த்தபடி நின்று, கடப்பாரையை ஓங்கினார். முதல் அடி பாறையில் பட்டது. இரண்டாவது அடியில் முழங்காலுக்குக் கீழே விறகு முறிகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் என்னுடையது என்று புரிய ஒரு கணம் ஆனது. அப்புறம் கத்தினேன். அல்லாவைக் கூப்பிட்டேன், உம்மாவைக் கூப்பிட்டேன், ஜம்புலிங்கத்தின் ஏழு தலைமுறையையும் கூப்பிட்டேன்.

"சார்" என்றார் இராமகிருஷ்ணன் தயங்கி. "இது வலது காலுங்க."

எதிரே நின்றவருக்கு அவருடைய இடது பக்கம் எதுவோ அதுதான் இடது. சரிபார்ப்பு அதிகாரி முதல் தடவையாகத் தடுமாறினார். தலைவர் அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"வலது கால் பற்றி இதில் ஒரு வார்த்தை இல்லை. ஆகவே வலது கால் முறியவில்லை. இடது இன்னும் நிலுவையில் இருக்கிறது. நடத்துங்கள்."

ஜம்புலிங்கம் இந்தத் தடவை சுற்றிவந்து என் இடுப்பருகே, கால் பக்கம் பார்த்து நின்றார். என் இடது காலைத் தொட்டுப் பார்த்து, "இதுதானே?" என்று என்னிடமே கேட்டார். கடப்பாரை மேலே போனபோது வயர்லெஸ்காரன் கத்திக்கொண்டே ஓடிவந்தான். போர்ட் பிளேரிலிருந்து செய்தி. மெட்ராஸ் கப்பலுக்கு நடுக்கடலில் எஞ்சின் கெட்டு, இழுத்துக்கொண்டு திரும்ப வந்துவிட்டார்கள். தபால் மூட்டையும் திரும்பி வந்துவிட்டது. ரிப்பேர் பார்த்துப் பதினெட்டாம் தேதிதான் மறுபடி கிளம்பும்.

தலைவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "அப்படியானால் அறிக்கை இன்னும் நம் கையில் இருக்கிறது. இந்தப் பழைய வேலையை நிறுத்துங்கள்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். "கால் முறிவு என்றால் டாக்டர் கேட்பான், ஈட்டுத்தொகை என்பான். வேண்டாம். புதிதாக எழுதுவோம். காயம் எதுவும் இல்லை. முதலை வந்தது, பயந்து ஓடிவிட்டது. எல்லோரும் நலமாக நடந்து இறங்கினார்கள்."

"பதினொன்றைத் தூக்கிப் போக வேண்டாமா சார்?" என்றார் இராமகிருஷ்ணன்.

"தூக்கிப் போனதாக இருந்தது பழைய அறிக்கையில். புதியதில் தூக்கினால் அது உதவி."

நலமாக நடந்து இறங்கினேன். உட்கார்ந்த வாக்கில், கையை ஊன்றி ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு. மறுநாள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி எனக்கு நினைவு தப்பியது. கண் விழித்தபோது தார்ப்பாயில் சுற்றிக் கயிறு கட்டி யாரோ ஒருவன் முதுகில் என்னைத் தூக்கிப் போய்க்கொண்டிருந்தான். எத்வா என்ற ராஞ்சி ஆள். தடுத்து நிறுத்திய ஜம்புலிங்கத்திடம், "யே படா சாப் கா பிஸ்தர் ஹை" என்றான். பெரிய ஐயாவின் படுக்கைச் சுருள். ஜம்புலிங்கம் சாமான் பட்டியலைப் பார்த்தார். படுக்கைச் சுருள் ஒன்று என்று இருந்தது, விட்டுவிட்டார். அந்த மனிதன் இல்லாவிட்டால் நான் இன்றைக்கு இல்லை. அவனுக்கு நன்றி சொல்லக் கூட எனக்கு இந்தி சரியாக வரவில்லை.

வீட்டில் ஜன்னத் பீவி என் காலைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "எந்தக் கையி ஒடச்சது?" என்று மட்டும் கேட்டாள். வாரியத்து மருந்தகத்தில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள், ஆனால் மருத்துவச் சீட்டுத் தரவில்லை. முறியாத காலுக்கு எப்படிச் சீட்டுத் தருவது என்றார்கள். மறுநாள் ஒரு உத்தரவு வந்தது. ஏப்ரல் முதல் தேதி கம்பம் ஏறும் தேர்வு. முப்பது அடி. ஏறினால் நிரந்தரம், ஏறாவிட்டால் நீக்கம்.

பதினேழாம் தேதி மத்தியானம் வாரியத்து டைப்பிஸ்ட் சந்திரமதி வீட்டுக்கு வந்தார். அதுவரை என்னோடு பத்து வார்த்தை பேசியிருப்பாரா என்பது சந்தேகம். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"புது ரிப்போர்ட் முடிச்சிட்டேன் பாய். சார் படிக்காமத்தான் கையெழுத்துப் போடுவார். எப்பவும் அப்படித்தான். காலையில கப்பல்ல போயிடும். நாப்பத்தி ஒண்ணாம் பக்கத்துல ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கேன். என்ன போடட்டும்?"

"என்னையா கேக்கறீங்க? ஏன்மா?"

"போன வருஷம் அந்தத் தச்சர் செத்த பக்கத்தை அடிச்சது நான்தான்" என்றார். "எழுத்துப் பிழை இருக்கான்னு ரெண்டு தடவ பார்த்தேன். அவர் ஊர்லதான் இருந்தார், உயிரோட. எங்க ஆபீசு ஜன்னலுக்குக் கொக்கி வச்சுக்கிட்டு இருந்தார்."

நான் யோசித்தேன். மீரானின் கால் குணமாகிவிட்டது என்று போடலாமா? போட்டால் குணமாகும் வரைக்கும் அடிப்பார்கள். மீரானுக்கு நிரந்தரம் என்று போடலாமா? கம்பத்தோடு சேர்த்துக் கட்டி மேலே தூக்கினாலும் தூக்குவார்கள். இவர்கள் நடத்திக் காட்டுவார்கள் என்றால் நல்ல வரி ஒன்று கூட எழுத முடியாது.

"தலைவர் மலையிலேயே மௌத்தாயிட்டார்னு போடச் சொல்லுங்க" என்றாள் ஜன்னத் பீவி அடுப்படியிலிருந்து.

சந்திரமதி என்னைப் பார்த்தார். எனக்கு ஆசை இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு உசுரை எழுதித் தீர்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை. "உச்சியில் பாறை உருண்டு தலைவரின் கால் முறிந்தது. முகம் சுளிக்காமல் தாங்கிக்கொண்டார். அவ்வளவு போடுங்க" என்றேன். கப்பல் அதைக் கொண்டு போய்விட்டது.

இருபதாம் தேதி காலை தலைவரும் ஜம்புலிங்கமும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஜம்புலிங்கம் கக்கத்தில் நகல். தலைவர் ஒரு வாரம் சாப்பிடாதவர் மாதிரி இருந்தார். நான் மாட்டிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். இல்லை. யார் எழுதியது என்று அவர் கேட்கவே இல்லை.

"கீழே என் கையெழுத்து இருக்கிறது. ஆகவே நான்தான் எழுதியிருக்கிறேன்" என்றார். "ஆகவே என் கால் முறிந்தாக வேண்டும். ஜம்புலிங்கம் அடித்தால் எங்கே படும் என்று சொல்ல முடியாது, அதற்கு நீயே சாட்சி. நீ கம்பத்தின் மேல் தொங்கிக்கொண்டே ஆணி அடிக்கிறவன். நீயே செய்."

"கட்டு மட்டும் போட்டுக்கலாமே சார்" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், சரி என்று சொல்லப் போகிறார் என்று தோன்றியது. ஜம்புலிங்கம் தொண்டையைக் கனைத்தார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டினார்.

"பாறை என்று இருக்கிறது. கடப்பாரை கூடாது" என்றார் ஜம்புலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்து.

ஜன்னத் பீவி உள்ளே போய் அம்மிக்குழவியை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். "அப்புறம் கழுவித் தாங்க" என்றாள்.

நான் அவுலியா, மகான் ஒன்றும் இல்லை. அடித்தேன். ஒரே அடி. அவர் முகம் சுளித்தார், கத்தினார், தாயைக் கூப்பிட்டார். நான் கத்திய மாதிரியேதான் கத்தினார். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருக்கவில்லை. குழவியைக் கீழே வைக்கத் தெரியாமல் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். ஜம்புலிங்கம் நகலில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார்.

ஏப்ரல் முதல் தேதி நான் கம்பம் ஏறவில்லை. ஏற வேண்டிய அவசியம் வரவில்லை. படுக்கையில் கிடந்தபடியே தலைவர் பரிந்துரை எழுதியிருந்தார். சரியான கால், சரியான இடம், ஒரே அடி என்று மூன்று பாராட்டு. ஜம்புலிங்கத்தை உதவித் தலைவராக உயர்த்தினார்கள். அவருக்குக் கீழே எனக்கு ஒரு புதுப் பதவி, சரிபார்ப்பு உதவியாளர். நிரந்தரம். நடக்கிற வேலை அதிகம் கிடையாது, நாற்காலி உண்டு, தலைக்கு மேல் மின்விசிறி உண்டு. வாப்பா பஜார் முழுக்க அல்வா கொடுத்தார். சந்திரமதி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தாள்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விடுகிறார்.

நேற்று காலை ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். உதயசூரியன் என்று பெயர், படகுக் கொட்டகையில் வெல்டர், ஆறு வருஷத் தற்காலிகம். இந்த வருஷம் அந்தக் கொட்டகையின் முறை, அடுத்த மாதம் மலைக்குப் போகிறார். ஏழாம் எண். வணக்கம் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன்.

"நீங்க போயிட்டு வந்தவராமே சார். சும்மா ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். கஷ்டமா இருக்குமா?"

இந்த வருஷத்து அறிக்கை என் மேசையில் திறந்து கிடந்தது. எண் ஏழு, ஐந்தாம் நாள், இறங்கும் வழியில், மூங்கில் முனை குத்தி வலது கண். வியாழக்கிழமை கப்பல். என் கையில் பென்சில் இருந்தது. அந்த வரியை அடித்துவிட அரை நிமிஷம் போதும். அடித்தால் யார் அடித்தது என்று ஜம்புலிங்கம் கேட்பார். கேட்டால் இந்த நாற்காலி போகும். வெளியே போனால் நான் எந்தக் கம்பத்தில் ஏறுவது? பென்சிலைக் காகிதத்தின் மேல் வைத்தேன். எடுத்தேன்.

"உச்சியில நின்னா ரெண்டு பக்கமும் கடல் தெரியுமாமே சார்" என்றார் அவர், ஆசையாக. "எங்க வீட்ல கேட்டுட்டே இருக்கா, வந்து சொல்லுங்கன்னு."

"தெரியும்" என்றேன். "ஏறும்போதே நல்லாப் பார்த்துக்குங்க."